உயர்படி பிரிமிட்டிவ் கோவைகளைத் தேடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் குறியீடுகள். களம் என்பது கூட்டல், கழித்தல், பெருக்கல், (பூச்சியம் அல்லாததால்) வகுத்தல் நான்கும் செய்யக்கூடிய உறுப்புகளின் தொகுப்பு. ப என்பது அடிப்படைக் களத்தின் உறுப்பு எண்ணிக்கை. இங்கே அது எப்போதும் பகா எண். ந என்பது கோவையின் படி. ய மாறி. மு என்பது ப^ந − 1. பல்லுறுப்புக்கோவையைச் சுருக்கமாகக் கோவை என்றும், காரணிகளாகப் பிரியாத கோவையைப் பகாக்கோவை என்றும் சொல்கிறோம். ப = 2 ஆன இரும களத்தில் கெழு 0 அல்லது 1 மட்டுமே என்பதால் அடுக்குகளை எழுதினாலே போதும்: (4, 1, 0) என்றால் ய^4 + ய + 1.

பகாக்கோவையும் பிரிமிட்டிவ் கோவையும் ஒன்றுதானா?

இல்லை. பிரிமிட்டிவ் கோவைகள் எல்லாம் பகாக்கோவைகள், மறுதலை பொய். ந படியுள்ள பகாக்கோவையால் வகுத்து மீதிகளை எடுத்தால் ப^ந உறுப்புகள் கொண்ட களம் கிடைக்கும். அதில் பூச்சியம் நீங்கலான மு உறுப்புகளும் ஒரு சுழற்குலம், அதாவது பிறப்பாக்கி எனப்படும் ஏதோ ஓர் உறுப்பின் அடுக்குகளாக அவை எல்லாமே வந்துவிடும். ய, ய^2, ய^3 என்று போகும்போது அந்த மு உறுப்புகளையும் ஒன்று விடாமல் தொட்ட பிறகே 1 வந்தால் கோவை பிரிமிட்டிவ். இடையிலேயே 1 வந்துவிட்டால் அது வெறும் பகாக்கோவை.

படி 4-இல் (4, 1, 0) பிரிமிட்டிவ், சுற்று (1 திரும்ப வர எடுக்கும் அடுக்கு) 15. (4, 3, 2, 1, 0) பகாக்கோவைதான், ஆனால் ய^5 = 1 ஆகிவிடுகிறது. பலரும் தடுக்கி விழும் இடம் ஏ.இ.எஸ். மறையாக்கத்தின் (8, 4, 3, 1, 0). அதில் ய-வின் வரிசை, அதாவது ய-வை 1 ஆக்கும் மிகச் சிறிய அடுக்கு, 255 அல்ல, 51. அந்தக் களத்துக்குப் பிறப்பாக்கி வேண்டுமென்றால் ய + 1-ஐ எடுக்க வேண்டும். அதே படியில் (8, 4, 3, 2, 0) பிரிமிட்டிவ்.

எத்தனை இருக்கின்றன? குத்துமதிப்பாகத் தேடினால் கிடைக்குமா?

கிடைக்கும். எண்ணிக்கை, மு-வின் ஆய்லர் சார்பு மதிப்பை (1 முதல் மு வரை மு-வோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை என்பதை) ந-ஆல் வகுத்தது. இரும களத்தில் படி 32-க்கு 134215680 பகாக்கோவைகள். அவற்றில் 67108864, ஏறத்தாழ பாதி, பிரிமிட்டிவ்.

தலைக்கெழு 1 ஆன கோவைகளில் சுமார் ந-இல் ஒன்று பகாக்கோவை. இரும களத்தில் மாறிலி உறுப்பு 1 ஆகவும் மொத்த உறுப்புகள் ஒற்றைப்படையாகவும் உள்ளவற்றை மட்டும் எடுத்தால் (மற்றவை ய அல்லது ய + 1 ஆல் வகுபடும்) வாய்ப்பு நான்கு மடங்காகிறது: 4/ந. பகாக்கோவைகளில் எவ்வளவு பங்கு பிரிமிட்டிவ் என்பது மு-வின் சிறு காரணிகளைப் பொறுத்தது. ந இரட்டையென்றால் 3 காரணியாக வரும். பங்கு 2/3-ஐத் தாண்டாது. படி 60-இல் அது சுமார் 0.35. 2^ந − 1 பகா எண்ணாகவே இருந்தால் பகாக்கோவை ஒவ்வொன்றும் பிரிமிட்டிவ்.

அப்படியானால் உயர்படியில் கடினம் எதில்?

கோவையில் இல்லை, மு-வைக் காரணிப்படுத்துவதில். சோதனைக்கு மு-வின் வெவ்வேறு பகாக் காரணிகள் அனைத்தும் தெரிந்திருக்க வேண்டும். பத்தாயிரம் படிக் கோவையில் ஒரு அடுக்கைக் கணக்கிடச் சாதாரணக் கணினிக்கு ஒரு விநாடிகூட வேண்டாம். ஆனால் 2^1277 − 1 பகு எண் என்று தெரிந்தும் அதன் ஒரு காரணிகூட இதுவரை அகப்படவில்லை. எனவே 1277 படியில் பகாக்கோவை எளிதாகக் கிடைக்கும். அது பிரிமிட்டிவ் என்று நிறுவ வழியில்லை.

ஆகவே கோவையைத் தேடும் முன் படியைத் தேர்ந்தெடுங்கள். "எனக்கு 1000-க்கு மேல் ஏதாவது போதும்" என்ற நிலை உங்களுடையதானால், காரணிகள் கையில் இருக்கும் படிக்குப் போவதுதான் புத்திசாலித்தனம். மூன்று வழிகள் உண்டு.

மெர்சென் அடுக்குகள் முதல் வழி: 521, 607, 1279, 2203, 2281, 3217, 4253, 4423, 9689, 9941, 11213, 19937 போன்றவை. இங்கே 2^ந − 1 பகா எண். காரணிப்படுத்தும் வேலையே இல்லை.

இரண்டாவது, நிறைய வகுத்திகள் கொண்ட படிகள். ப^ந − 1, ந-இன் ஒவ்வொரு வகுத்திக்கும் ஒன்றாக, வட்டவெட்டுக் கோவைகளின் (முழு எண் கெழுக்களோடு ய^ந − 1 பிரியும் பகாக் காரணிகளின்) மதிப்புகளாகப் பிரிந்துவிடும். 2^60 − 1 என்பது 19 இலக்க எண். அதன் மிகப் பெரிய வட்டவெட்டுத் துண்டோ வெறும் 80581. அது 61 × 1321. ஒரு வகுத்தி வ-க்கு உரிய துண்டின் பகாக் காரணிகள், வ-வையே வகுக்கும் ஓர் எண் நீங்கலாக, வ-ஆல் வகுக்க 1 மீதி தருபவை. அதனால் வ + 1, 2வ + 1, 3வ + 1 என்று தாவித் தாவிச் சோதித்தால் போதும். அடுக்கு 4-ஆல் வகுக்க 2 மீதி தரும்போது 2^அடுக்கு + 1 இன்னும் இரண்டாகப் பிரியும் (அவுரிஃபெய் காரணிப்படுத்தல்), அதைத் தவறவிடாதீர்கள்.

மூன்றாவது, 2-இன் அடுக்குகளான படிகள். 2^4096 − 1 என்பது முதல் 12 ஃபெர்மா எண்களின் (2^(2^க) + 1; க = 0 முதல் 11 வரை) பெருக்கம். அவை எல்லாமே முழுதாகக் காரணிப்படுத்தப்பட்டுவிட்டன. கடைசியாக வந்தது 1995-இல் பிரெண்ட் முடித்த, க = 10 ஆன ஃபெர்மா எண். மொத்தம் 25 பகாக் காரணிகள். 8192-க்குத் தாவினால் க = 12 ஆன ஃபெர்மா எண் வழிமறிக்கிறது. அது இன்னும் முழுதாக உடையவில்லை.

இவற்றில் எதுவும் ஒத்துவராவிட்டால் கன்னிங்ஹாம் திட்டத்தின் அட்டவணைகளைப் பாருங்கள். சிறிய அடிமானங்களுக்கு ப^ந − 1, ப^ந + 1 வடிவ எண்களின் காரணிகளை அங்கே தொகுத்திருக்கிறார்கள்.

ஒரு கோவையைச் சோதிக்கும் கட்டங்கள் என்ன?

இரும களத்துக்கு:

1. மாறிலி உறுப்பு 1-ஆ, உறுப்புகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையா என்று பாருங்கள்.
2. சிறு காரணிகளை வடிகட்டுங்கள். இ = 1, 2, 3… என்று ஏற்றிக்கொண்டே ய^(2^இ) − ய என்பதோடு கோவையின் மீப்பெரு பொது வகுத்தியை எடுங்கள்; அது 1 அல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். எதேச்சையான கோவையில் க படி வரை காரணி இல்லாதிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 0.56/க. அதாவது பெரும்பாலானவை தொடக்கத்திலேயே உதிர்ந்துவிடும்.
3. தப்பியவற்றுக்கு ய^(2^ந) = ய ஆகிறதா என்று பாருங்கள். இதற்கு ந முறை வர்க்கப்படுத்த வேண்டும்.
4. மு-வின் ஒவ்வொரு பகாக் காரணி கா-வுக்கும் ய^(மு/கா) கணக்கிடுங்கள். ஒன்றில் 1 வந்தாலும் கோவை பிரிமிட்டிவ் அல்ல.

நான்காவது கட்டத்தில் சிறிய கா-வை முதலில் எடுங்கள். பகாக்கோவை ஒன்று கா-வில் தோற்கும் வாய்ப்பு ஏறத்தாழ 1/கா. 3 மூன்றில் ஒன்றைக் கழித்துவிடும். இருபது இலக்கக் காரணி அநேகமாக எதையும் கழிக்காது, ஆனாலும் நிரூபணத்துக்கு அதையும் ஓட்டியாக வேண்டும். காரணி 9 ஆக, அதாவது 3 இரண்டு முறை வந்தாலும், 3-க்கு ஒரே ஒரு சோதனை போதும்.

பகாக்கோவைதானா என்று தனியாகச் சோதிக்க வேண்டாமா?

கணக்குப்படி வேண்டாம். ய-வின் வரிசை சரியாக மு என்று காட்டிவிட்டால் கோவை தானாகவே பகாக்கோவை ஆகிவிடும்; காரணிகளாகப் பிரியும் கோவையின் மீதிகளில், வேறொன்றால் பெருக்கி 1 ஆக்கக்கூடிய உறுப்புகள் மு-வை விடக் குறைவு, அவ்வளவு நீளமான சுற்றுக்கு அங்கே இடமில்லை. ஆனால் மூன்றாவது கட்டத்தை விட்டுவிட்டு நான்காவதை மட்டும் செய்வது பிழை. ய^மு = 1 என்பது உறுதியாகாமல், மற்ற அடுக்குகள் 1 ஆகவில்லை என்பது எதையும் நிறுவாது. இரண்டாவது கட்டம் நேரத்தை மிச்சப்படுத்தத்தான்.

இந்த அடுக்குக் கணக்கை வேகமாகச் செய்வது எப்படி?

இரும களத்தில் வர்க்கப்படுத்துவதற்குப் பெருக்கல் தேவையே இல்லை. பிட்டுகளுக்கு இடையே 0-களைச் செருகினால் போதும், ஒரு பைட் அட்டவணை இருந்தாலே ஓடும். அதன் பிறகு கோவையால் குறைக்க வேண்டும். மூன்று அல்லது ஐந்து உறுப்புள்ள கோவைக்கு அது சில ஷிஃப்ட், சில எக்ஸார். 64 பிட் சொற்களில் ஒரு முழுச் சோதனை ந^2/64 என்ற அளவின் சிறு மடங்கில் முடியும்.

அடிமானம் ய ஆக இருப்பது இன்னொரு வசதி. அடுக்கின் பிட்டுகளை இடமிருந்து வலமாக எடுத்தால் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு வர்க்கம். பிட் 1 ஆனால் ஒரு இடம் ஷிஃப்ட். பொதுப் பெருக்கலுக்கு வேலையே வராது. காரணிகள் நிறைய இருந்தால் பெருக்கல் மரம் கட்டி அடுக்குகளைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று பரிந்துரைப்பார்கள். அதில் அடிமானம் ய அல்லாத அடுக்குகள் வந்து பொதுப் பெருக்கல் நுழைந்துவிடும். 25 காரணிகள் உள்ள 4096 படிக்கு நேரடியாக 25 முறை ஓட்டினால் ஒரு லட்சத்துச் சொச்சம் வர்க்கங்கள்தான். மரம் கட்டும் அளவுக்கு அது பெரிய வேலையில்லை.

நிறைய உறுப்புகள் கொண்ட கோவையென்றால் நிலைமை வேறு. குறைப்பதே பாதி நேரத்தைத் தின்னும். அங்கே வகுத்தலைப் பெருக்கலாக மாற்றும் பாரெட் முறையும், செயலியில் இருக்கும் கேரி இல்லாப் பெருக்கல் கட்டளையும் கைகொடுக்கும்.

எல்லாப் படியிலும் மூவுறுப்புக் கோவை கிடைக்குமா?

கிடைக்காது. 1962-இல் ஸ்வான் நிறுவிய தேற்றத்தின்படி, படி 8-இன் மடங்கானால் இரும களத்து மூவுறுப்புக் கோவைக்கு எப்போதும் இரட்டைப்படை எண்ணிக்கையில் காரணிகள். ஆகவே அது ஒருபோதும் பகாக்கோவை ஆகாது. 8, 16, 32, 64, 128 படிகளில் மூவுறுப்புக் கோவை தேடி நேரத்தைக் கரைக்காதீர்கள். படி பகா எண்ணாகி 8-ஆல் வகுக்க 3 அல்லது 5 மீதி வந்தால் (ந, 2, 0), கெழுக்களைத் திருப்பிய அதன் தலைகீழான (ந, ந − 2, 0) ஆகிய இரண்டுக்கு மட்டுமே வாய்ப்பு. 5-க்கும் 11-க்கும் அது பலிக்கிறது; 13, 19, 61, 107-க்குப் பலிப்பதில்லை.

மூவுறுப்பு இல்லாத இடத்தில் ஐந்துறுப்பைத் தேடுங்கள்: (13, 4, 3, 1, 0), (19, 5, 2, 1, 0), (64, 4, 3, 1, 0), (128, 7, 2, 1, 0). இவை எல்லாம் பிரிமிட்டிவ். நடு அடுக்குகள் சிறியவையாக இருந்தால் குறைப்பது ஒரே சுற்றில் முடியும். சிறியதிலிருந்து பெரியதாகத் தேடுவதன் காரணம் அதுதான். எல்லாப் படிக்கும் ஐந்துறுப்புக் கோவை உண்டு என்பதற்கு நிரூபணம் இல்லை. ஆனால் 10000 படி வரை மூவுறுப்பிலோ ஐந்துறுப்பிலோ ஒரு பகாக்கோவை உண்டு என்று 1998-இல் செரூசி வெளியிட்ட அட்டவணை காட்டுகிறது. கவனிக்க: அது பகாக்கோவை அட்டவணை, பிரிமிட்டிவ் என்ற உறுதி அதில் இல்லை.

இன்னொரு தந்திரமும் உண்டு. (16, 3, 0) என்பது 3 படிப் பகாக்கோவை ஒன்றும் 13 படிப் பிரிமிட்டிவ் கோவை ஒன்றும் சேர்ந்த பெருக்கம். (16, 3, 0)-ஐ வைத்து மலிவாகக் கணக்கிட்டுவிட்டு, கடைசியில் மட்டும் 13 படிக் காரணியால் குறைத்துக்கொள்ளலாம்.

எட்டக்கூடிய உயரம் எவ்வளவு என்று கேட்டால்: பிரெண்டும் சிம்மர்மனும் மெர்சென் அடுக்குகளில் முழுத் தேடல் நடத்தி 42643801, 43112609, 74207281 ஆகிய படிகளில் மொத்தம் 12 பிரிமிட்டிவ் மூவுறுப்புக் கோவைகளைக் கண்டார்கள். ஸ்வான் தேற்றம் தடுக்காத 57885161-இல் ஒன்றுகூட இல்லை என்றும் அதே தேடலில் தெரிந்தது. வாய்ப்பு இருக்கிறது என்பதாலேயே கிடைத்துவிடாது.

தேடலைப் பாதியாக்க: ஒரு கோவை பிரிமிட்டிவ் ஆனால் அதன் கெழுக்களைத் தலைகீழாக்கியதும் பிரிமிட்டிவ். (ந, க, 0) தேடும்போது க, ந/2 வரை போனால் போதும்.

ப = 2 அல்லாத களங்களில் என்ன மாறுகிறது?

மாறிலி உறுப்புக்குக் கூடுதல் நிபந்தனை வருகிறது. அதை (−1)^ந-ஆல் பெருக்கினால் கிடைப்பது ப-வின் முதன்மை மூலமாக, அதாவது 1 முதல் ப − 1 வரை எல்லா எண்களையும் தன் அடுக்குகளாகத் தரும் எண்ணாக, இருக்க வேண்டும். அது ய-வின் நெறிமம் (ய, ய^ப, ய^(ப^2)… என்று ந உறுப்புகளின் பெருக்கம்), ய பிறப்பாக்கியானால் நெறிமமும் பிறப்பாக்கியாகத்தான் வேண்டும். இதை முதலிலேயே பார்த்தால் பெரும் பங்கு கழிந்துவிடும். மூன்று உறுப்புக் களத்தில் ய^2 + 1 பகாக்கோவை. ஆனால் மாறிலி 1 என்பதால் பார்த்த உடனே தள்ளலாம்.

1964-இல் அலனனும் நூத்தும் தந்த சோதனை இதைப் பயன்படுத்துகிறது. மு-வுக்குப் பதில் ர = மு/(ப − 1) என்ற சிறிய எண்ணை எடுங்கள். ய^ர அந்த நெறிம மாறிலிக்குச் சமமாக வேண்டும். ர-இன் ஒவ்வொரு பகாக் காரணி கா-வுக்கும் ய^(ர/கா) மாறிலியாக இருக்கக் கூடாது.

ஐந்து உறுப்புக் களத்தில் ய^2 + ய + 2-ஐப் பார்ப்போம். மாறிலி 2, அது 5-க்கு முதன்மை மூலம். ர = 24/4 = 6; காரணிகள் 2, 3. ய^2 = 4ய + 3, மாறிலி அல்ல. ய^3 = 4ய + 2, அதுவும் அல்ல. ய^6 = (4ய + 2)^2 = ய^2 + ய + 4 = 2. மூன்றும் சரி, ஆகவே பிரிமிட்டிவ், சுற்று 24.

ப பெரிய எண்ணாக இருந்து படி சிறியதாக இருந்தால், ர-ஏ பகா எண்ணாகும்படி ப-வைத் தேர்ந்தெடுக்கலாம். படி 3-இல் ர = ப^2 + ப + 1. அது பகா எண்ணானால் ப − 1-ஐ மட்டும் காரணிப்படுத்தினால் போதும். படி ஒற்றைப் பகா எண்ணாக இருந்தால்தான் இது நடக்கும்; படி 2-இல் ர = ப + 1, இரட்டைப்படை.

ஒன்று கிடைத்துவிட்டது. அதே படியில் இன்னும் பல வேண்டும்.

மறுபடி தேட வேண்டாம். மு-வோடு பொதுக் காரணி இல்லாத ஓர் எண் த-வை எடுத்து ய^த-வின் சிறுமக் கோவையை (அதை மூலமாகக் கொண்ட மிகக் குறைந்த படிக் கோவையை) கண்டால் அதுவும் பிரிமிட்டிவ். வழி: ய^த-வின் அடுக்குகளில் ஏதாவது ஒரு கெழுவை மட்டும் எடுத்து 2ந உறுப்புகள் கொண்ட தொடர் ஆக்கி, ஒரு தொடரிலிருந்து அதை உருவாக்கும் கோவையைக் கண்டுபிடிக்கும் பெர்லகாம்ப்–மேசி முறைக்குக் கொடுங்கள். த-வை ப-வின் அடுக்குகளால் பெருக்கினால் அதே கோவை திரும்பவரும்.

இதே கருவி இன்னொரு இடத்திலும் உதவும். பகாக்கோவை கிடைத்தும் ய பிறப்பாக்கியாக இல்லையா? கோவையைத் தூக்கி எறியாதீர்கள். அதே களத்தில் எதேச்சையாக வேறு உறுப்புகளைச் சோதித்து, பிறப்பாக்கி ஒன்றைப் பிடித்து, அதன் சிறுமக் கோவையை எடுங்கள். விலை ஒன்று உண்டு: கிடைக்கும் கோவையில் ஏறத்தாழ பாதிக் கெழுக்கள் 1 ஆக இருக்கும்.

மு-வின் ஒரு பகுதி காரணிப்படவில்லை. என்ன சொல்லலாம்?

தெரிந்த காரணிகளுக்கெல்லாம் சோதனை முடித்து, உடையாத பகுதியை, காரணி தேடும் நீள்வட்ட வளைவு முறையில் போதுமான அளவு துழாவியிருந்தால், "பிரிமிட்டிவ் அல்லாதிருக்கும் வாய்ப்பு மிக அற்பம்" என்று சொல்லலாம். 30 இலக்கத்துக்குக் கீழே காரணி எதுவும் இல்லையென்றால் தோற்கும் வாய்ப்பு நடைமுறையில் பூச்சியம். ஆனால் அதை "பிரிமிட்டிவ்" என்று அட்டவணையில் போடாதீர்கள். கடைசியாக மிஞ்சும் பெரிய எண் பகா எண் என்று நிகழ்தகவுச் சோதனை மட்டும் சொன்னாலும் இதே நிலைதான்; பகாத்தன்மை நிரூபணம் வேண்டும்.

அட்டவணையிலிருந்து எடுத்த கோவைக்குச் சுற்று குறைவாக வருகிறதே?

நாம் அடிக்கடி பார்க்கும் காரணங்கள்:

தரவில் பிழை கண்டறியப் பயன்படும் சி.ஆர்.சி. கோவையை எடுத்திருப்பீர்கள். (16, 12, 5, 0)-இல் நான்கு உறுப்புகள். ய + 1 அதை வகுக்கும். ய-வின் வரிசை 65535 அல்ல, 32767. ஈதர்நெட்டின் 32 படி சி.ஆர்.சி. கோவை மாறாகப் பிரிமிட்டிவ்தான். பெயரை வைத்து முடிவெடுக்க முடியாது.

ஹெக்ஸ் எண்ணில் தலை உறுப்பு மறைந்திருக்கும். சிலர் தலை உறுப்பை விடுவார்கள், சிலர் மாறிலி உறுப்பை விடுவார்கள். ஒன்றை மற்றதாக வாசித்தால் வேறு கோவை. பிட்டுகளை முழுதாகத் திருப்பினால் மட்டும் பிழையில்லை: (16, 14, 13, 11, 0)-உம் அதன் தலைகீழான (16, 5, 3, 2, 0)-உம் ஒரே சுற்று தரும். அரைகுறையாகத் திருப்பி ஓர் இடம் நகர்ந்துவிட்டால்தான் கெடும்.

கோவையை வைத்துப் பிட் தொடரை உருவாக்கும் ஷிஃப்ட் ரிஜிஸ்டரின் தொடக்க நிலை முழுக்க 0 ஆனால் அது 0-விலேயே நிற்கும்.

நிரலில் 64 பிட் எண்ணாக 2^64 − 1-ஐக் கணக்கிட 1-ஐ 64 இடம் நகர்த்தியிருப்பீர்கள். படி 63 வரை எல்லாம் சரியாக ஓடி 64-இல் மட்டும் சோதனை பொய் சொன்னால் முதலில் அங்கே பாருங்கள்.

பிரிமிட்டிவ் ஆனால் நல்ல சமவாய்ப்பு எண்கள் கிடைக்குமா?

நீண்ட சுற்று கிடைக்கும். அதற்கு மேல் வாக்குறுதி இல்லை. (250, 103, 0)-ஐ அடிப்படையாகக் கொண்ட ஆர்250 உருவாக்கி 1981-இல் வந்து பரவலாகப் பயன்பட்டது. 1992-இல் ஃபெரன்பெர்க், லாண்டௌ, வாங் மூவரும் அது வுல்ஃப் முறை மாண்டே கார்லோ கணக்குகளில் (சமவாய்ப்பு எண்களைக் கொண்டு செய்யும் ஒருவகை உருவகப்படுத்தலில்) தவறான விடை தருவதைக் காட்டினார்கள். மூன்றே உறுப்புகள் என்றால் தொடரின் மூன்று இடங்களுக்கு நடுவே நேரடி உறவு. கணக்கின் அமைப்பு அதோடு ஒத்துப்போனால் பிழை வெளிவரும். 19937 படி மெர்சென் ட்விஸ்டரின் சிறப்பியல்புக் கோவையில் 135 உறுப்புகள். வன்பொருள் எண்ணிக்கு மூவுறுப்பு தாராளம். உருவகப்படுத்தலுக்கு அடர்ந்த கோவையை எடுங்கள். மறையாக்கத்துக்கு இரண்டும் உதவாது: 2ந பிட்டுகள் கையில் கிடைத்தால் பெர்லகாம்ப்–மேசி கோவையையே வெளியே எடுத்துவிடும்.

ஆயத்த மென்பொருள் போதாதா?

சேஜ், மேக்மா, பாரி மூன்றிலும் வசதி உண்டு. பாரியில் களம் அமைக்கும் கட்டளை பகாக்கோவையைத்தான் தரும். பிறப்பாக்கிக்கு வேறு கட்டளை. ஒவ்வொரு களத்துக்கும் ஒன்றாக வரையறுக்கப்பட்ட கான்வே கோவைகள் எப்போதும் பிரிமிட்டிவ், ஆனால் உட்களங்களோடு ஒத்திசைய வேண்டும் என்ற கூடுதல் நிபந்தனையால் உயர்படியில் அவற்றைக் காண்பது மிகச் செலவு. அந்த ஒத்திசைவு வேண்டாத போது அவற்றைக் கேட்காதீர்கள். எந்த மென்பொருளும் மு-வைக் காரணிப்படுத்தும் இடத்தில்தான் மணிக்கணக்கில் உறையும். காரணிகளை நீங்களே கொடுக்கும் வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

சொந்தமாக எழுதிய நிரல் சரியா என்று எப்படி அறிவது?

சிறு படிகளில் எல்லாக் கோவைகளையும் ஓட்டி எண்ணுங்கள். இரும களத்தில் படி 8-க்கு 16, 10-க்கு 60, 12-க்கு 144, 16-க்கு 2048 வர வேண்டும். மூன்று உறுப்புக் களத்தில் படி 2, 3, 4-க்கு முறையே 2, 4, 8. படி 8-இல் 30 வந்தால் பிரிமிட்டிவ் சோதனை ஓடவே இல்லை, பகாக்கோவைகளை எண்ணியிருக்கிறீர்கள். படி 12-இல் மட்டும் எண்ணிக்கை கூடினால் 4095-இன் காரணிகளான 3, 5, 7, 13-இல் ஏதோ ஒன்று பட்டியலில் விடுபட்டிருக்கும்.